ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? தேடி எடுப்பதா, மாற்றுவதா, இல்லாமலே சமாளிப்பதா

தென்காசிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அத்தான் ஒரு திங்கள்கிழமை காலை போன் செய்தார். "மாப்பிள்ளை, ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. புதிதாக ஒன்று போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிரிண்டர்தான் வரமாட்டேன் என்கிறது."

அவர் கடையில் பிராட்பேண்ட் கிடையாது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் சார்ஜரில் கிடக்கும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன்தான் கடை முழுவதற்கும் இணையம். கம்ப்யூட்டர், பிரிண்டர், வாசலைப் பார்க்கும் கேமரா மூன்றும் அதன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகின்றன. பிரிண்டருக்குக் கீபோர்டு ஏது? இரண்டு வரித் திரை, மேலே நகர ஒரு பொத்தான், கீழே நகர ஒரு பொத்தான், 'ஓகே' ஒன்று, அவ்வளவுதான். புதிய பாஸ்வேர்டில் 14 எழுத்துகள். ஆங்கில அகரவரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து, நிறுத்தி, 'ஓகே' அழுத்தி, பெரிய எழுத்துக்கு ஒரு பட்டியல், எண்ணுக்கு இன்னொரு பட்டியல் என்று போக வேண்டும். 11-ஆவது எழுத்தில் கை தவறியது, மறுபடியும் முதலிலிருந்து. கேமரா இதைவிட மோசம். ஏணி போட்டு ஏறி, பின்பக்கத் துளையில் குண்டூசியை விட்டு அழுத்தி, கடையில் வாங்கி வந்த அன்று செய்ததையெல்லாம் திரும்பச் செய்தார். அரை நாள் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதிய பாஸ்வேர்டை அவர் தட்டிய அதே கட்டத்துக்குள்தான் பழைய பாஸ்வேர்டும் இருந்தது. புள்ளி புள்ளியாக மறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த கண் படத்தை ஒரு முறை தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதே குழப்பத்தோடு கேட்கிற வாசகர்கள் பலர். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது, எப்படி எடுப்பது?" என்பதுதான் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்களுக்கு வேண்டியது அந்தப் பாஸ்வேர்டா, இப்போது இணையமா, அல்லது அந்தப் பாஸ்வேர்டைத் தெரிந்துவைத்திருக்கும் யாரையோ வெளியே அனுப்புவதா? மூன்றும் மூன்று வேலைகள். மூன்றுக்கும் வழி வேறு, செலவும் வேறு.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே இணைந்திருக்கும் கருவிகளை. எத்தனை இருக்கின்றன, அவற்றில் எத்தனைக்குக் கீபோர்டு இல்லை? என் கணக்கில் மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்குத்தான் எடை அதிகம். மறுபடி இணைப்பது லேப்டாப் ஒன்றுக்கு ஒரு நிமிட வேலை. பிரிண்டரும் கேமராவும் டிவியும் அப்படியல்ல.

அடுத்தது, போன் கையில் இருக்கிறதா, திறக்க முடிகிறதா என்பது. திரை உடைந்து தொடுதல் வேலை செய்யாத போனுக்கும் நல்ல போனுக்கும் ஒரே யோசனையைச் சொல்ல முடியாது.

பாஸ்வேர்டு யார் கண்ணில் படும், எவ்வளவு நாள் அவர்களிடம் இருக்கும் என்பது மூன்றாவது. கடைசியாக டேட்டாவும் பேட்டரியும். நேரத்தை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. கீழே வரும் எல்லா வழிகளும் தொடக்கத்தில் ஒரு நிமிட வேலையாகத்தான் தெரியும். பிந்தி வருகிற நேரத்தைத்தான் கணக்கிட வேண்டும்.

வழி ஒன்று: போனிலேயே பார்ப்பது

ஹாட்ஸ்பாட் உங்களுடைய போனிலிருந்து கிளம்புகிறது. ஆகவே பாஸ்வேர்டும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. ஜிமெயில் பாஸ்வேர்டு போல எங்கோ ஒரு சர்வரில் பூட்டிக் கிடக்கும் ரகசியம் அல்ல இது. இது புரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

ஆண்ட்ராய்டில் குறுக்குவழி ஒன்று உண்டு. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் கட்டங்களில் ஹாட்ஸ்பாட் கட்டத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். நேராக ஹாட்ஸ்பாட் பக்கத்துக்கே கொண்டுபோகும். செட்டிங்ஸ் வழியாகப் போனால் பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: பிக்சல் போன்றவற்றில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', சாம்சங்கில் 'கனெக்‌ஷன்ஸ்', ஷாவ்மியில் 'போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்'. உள்ளே போனால் பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு என்று வரிசையாக இருக்கும். மறைந்திருந்தால் கண் படத்தைத் தொடுங்கள்; அது இல்லாவிட்டால் பாஸ்வேர்டு வரியையே தொடுங்கள். பார்த்துவிட்டு வெளியே வரும்போது 'சேவ்' அழுத்த வேண்டியதில்லை. 'கேன்சல்' போதும். தவறி ஓர் எழுத்து அழிந்திருந்தால் அதுவே புதிய பாஸ்வேர்டாகச் சேமிக்கப்படாமல் இருக்க இதுவே நல்லது.

ஐபோனில் இன்னும் சுலபம். செட்டிங்ஸ், பர்சனல் ஹாட்ஸ்பாட், வைஃபை பாஸ்வேர்டு. மறைப்பு எதுவும் இல்லாமல் எழுத்தாகவே தெரியும். திறந்த போனை யார் கையில் கொடுத்தாலும் அவருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொரு விஷயம்: ஐபோன் ஹாட்ஸ்பாட்டின் பெயரும் போனின் பெயரும் ஒன்றே. 'அபவுட்' பக்கத்தில் போனின் பெயரை மாற்றினால் ஹாட்ஸ்பாட்டின் பெயரும் மாறிவிடும். பழைய கருவிகள் அதைப் புதிய வைஃபை என்றே நினைக்கும்.

பார்த்த பிறகு எப்படிக் கொடுப்பது? போனில் வாசித்துச் சொல்வதுதான் நம் வழக்கம். "கேப்பிட்டல் எஸ்... இல்லை, எஃப் இல்லை, எஸ்... எஸ் ஃபார் சேலம்" என்று நீளும் அந்த உரையாடல் எல்லா வீட்டிலும் நடந்திருக்கும். சுழியத்தையும் ஆங்கில 'ஓ'வையும், எண் ஒன்றையும் சின்ன 'எல்'லையும் பிரித்துச் சொல்வதற்குள் பஸ் வந்துவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அதே பக்கத்தில் கியூஆர் கோடு வரும். எதிரில் இருப்பவர் கேமராவைக் காட்டினால் போதும், வாசிக்கவே வேண்டாம்.

மறைவான செலவு அந்தக் கியூஆர் கோட்டில்தான் இருக்கிறது. அதற்குள் இருப்பது பூட்டிய சாவி அல்ல. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே எழுத்தாக எழுதப்பட்டிருக்கின்றன. ஸ்கேன் செய்யும் எந்தச் செயலியும் அதை எழுத்தாகக் காட்டிவிடும். அதன் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பாஸ்வேர்டைத் தட்டி அனுப்புவதும் ஒன்றுதான். திரையில் காட்டுங்கள், படமாக அனுப்பாதீர்கள்.

போன் கையில் இருந்து, திறக்கவும் முடிந்தால் இதைத் தாண்டி வேறு வழிக்குப் போகத் தேவையே இல்லை.

வழி இரண்டு: முன்பே இணைந்த கருவியிலிருந்து எடுப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை இணைந்த லேப்டாப் அந்தப் பாஸ்வேர்டை எழுதிவைத்திருக்கிறது. இல்லாவிட்டால் மறுநாள் கேட்காமலே எப்படி இணையும்?

அதுதான் இணைந்துவிடுகிறதே, பிறகு பாஸ்வேர்டு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு நிலைமைகளில் வேண்டும். ஒன்று, போன் வேறு ஊரிலோ வேறு கையிலோ இருக்கிறது, அல்லது திரை செத்துவிட்டது. மற்றொன்று, போனே மாறுகிறது. இரண்டாவதுதான் முக்கியம். பழைய போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது, புதிய போன் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய போனில் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்தால், பிரிண்டரும் கேமராவும் போன் மாறியதை அறியவே அறியாது. அவை தேடுவது பெயரை; கொடுப்பது அந்தப் பெயருக்கான பாஸ்வேர்டை. எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து, நடுவில் இருக்கும் இடைவெளி உட்பட ஒத்திருக்க வேண்டும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று போய், உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டால் 'வியூ வைஃபை செக்யூரிட்டி கீ' என்று இருக்கும். ஹாட்ஸ்பாட் அப்போது ஓட வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10-இல் கன்ட்ரோல் பேனல் வழியாகச் சுற்ற வேண்டும்: நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், வைஃபை பெயர், 'வயர்லெஸ் பிராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'ஷோ கேரக்டர்ஸ்'. இதற்கு அந்த இணைப்பு அப்போது உயிரோடு இருக்க வேண்டும். 2022-இல் வந்த வென்ச்சுரா முதல் மேக் கணினிகளில் வைஃபை செட்டிங்ஸின் 'அட்வான்ஸ்டு' பட்டியலில் பாஸ்வேர்டை நகலெடுக்கலாம்.

வீட்டில் இன்னொரு போன் அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருந்தாலும் போதும். ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை பக்கத்தில் 'ஷேர்' தொட்டு, கைரேகையோ பின் எண்ணோ கொடுத்தால் கியூஆர் கோடு வரும். சில போன்களில் அதற்குக் கீழே பாஸ்வேர்டு எழுத்திலும் இருக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் வைஃபை பக்கத்தின் 'எடிட்' பட்டியலில் பழைய இணைப்புகளின் பாஸ்வேர்டுகள் கிடைக்கும்.

இதன் செலவு என்ன? இதே வசதி அடுத்தவருக்கும் உண்டு என்பதுதான். பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் இணையம் கேட்டவருக்குப் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை, நானே தட்டிக் கொடுத்தேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அவர் போனின் 'ஷேர்' பொத்தான் அதை அவருக்குச் சொல்லிவிடும்.

வழி மூன்று: புதிதாக மாற்றுவது

எல்லாரும் முதலில் பாய்வது இதற்குத்தான். அதனால்தான் இதை மூன்றாவதாக வைத்தேன்.

மாற்றுவது சுலபம், பழையது தெரியத் தேவையில்லை. ஆனால் அந்த நொடியே பழைய பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் வெளியே நிற்கும். பெயரை மாற்றாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் இன்னொரு தொல்லை: சில கருவிகள் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்து, 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் சொல்லும், புதியதைக் கேட்காது. அந்த இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து மறக்கவைத்த பிறகு, புதிதாக இணைக்க வேண்டும். பெயரையும் சேர்த்து மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை; ஆனால் டேட்டாவில் ஓர் ஓட்டை விழும். விண்டோஸில் உங்கள் ஹாட்ஸ்பாட்டை, அளவான டேட்டா உள்ள இணைப்பு என்ற பொருளில், 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவைத்திருந்தால்தான் அது பெரிய அப்டேட்டுகளைப் பெரும்பாலும் தள்ளிப்போடும். அந்தக் குறிப்பு பெயரோடு ஒட்டியது. பெயர் மாறினால் குறிப்பும் போயிற்று. மறுநாள் காலை பத்து மணிக்குள் அன்றைய டேட்டா தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிட்ட பிறகுதான் காரணத்தைத் தேட ஆரம்பிப்போம்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? மாற்றித்தான் ஆக வேண்டிய நிலைமைகள் உண்டு. மேன்ஷன் அறை நண்பருக்கு ஒரு நாள் கொடுத்தது மாதக்கணக்கில் தொடர்கிறது. நீங்கள் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாலே அடுத்த அறையில் அவர் போன் தானாக இணைந்துகொள்கிறது. முகத்துக்கு நேரே சொல்லவும் கூச்சம். மாற்றிவிடுங்கள். "போன் ரீசெட் ஆகிவிட்டது" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பில்லை. கடையில் வேலை பார்த்தவர் நின்றுவிட்டால் மாற்றுங்கள். பாஸ்வேர்டு உங்கள் மொபைல் எண்ணாகவே இருந்தாலும் மாற்றுங்கள். நம் ஊரில் இந்த வழக்கம் அதிகம். அந்த எண்ணோ கடைப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் இருக்கிறது.

போன் தானாகக் கொடுத்த பாஸ்வேர்டு என்றால் பத்திரம் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2013-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐபோன் தானாக உருவாக்கிய ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டுகளை ஆராய்ந்தார்கள். ஓர் ஆங்கிலச் சொல், பின்னால் நான்கு இலக்கம் என்பதுதான் அமைப்பு. அந்தச் சொற்களும் சுமார் 1,842 கொண்ட ஒரு சிறு பட்டியலிலிருந்தே வந்தன. மொத்தம் ஒரு கோடியே 84 லட்சம் சேர்க்கைகள். கேட்கப் பெரிய எண். நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகள் பூட்டிய அவர்களுடைய கணினிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆப்பிள் பிறகு அந்த முறையைக் கைவிட்டது.

மாற்றுவதென்றால் எப்படி வைப்பது? டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையின் விதிப்படி பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். தமிழ் எழுத்தில் வைக்கும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. வேண்டாம். ஐபோனில் வைத்தால் மற்றக் கருவிகள் இணைய முடியாது என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்க்கலாம். உங்களுக்கு மட்டுமே பொருள்படுகிற நான்கு சொற்கள், எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லை. 'mazhaivandhaalmaadithuni' போல. நீளம்தான் வலு, நடுவே சொருகும் விசேஷக் குறிகள் அல்ல. அந்த இரண்டு வரித் திரைப் பிரிண்டரில் 'அட்' குறியைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வழி நான்கு: பாஸ்வேர்டே இல்லாமல்

வேண்டியது இப்போது இணையம் மட்டும்தான் என்றால் பாஸ்வேர்டு எதற்கு?

யூஎஸ்பி கேபிள் இருந்தால் போனை லேப்டாப்பில் சொருகி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருக்கிறதே, தொட முடியவில்லையே என்பார்கள். கேபிளைச் சொருகிய பிறகுதான் அது உயிர்பெறும். சொருகியும் மங்கலாகவே இருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்கள் நிறைய உண்டு, அவற்றில் டேட்டா போகாது. ஐபோனை விண்டோஸில் இப்படி இணைக்க ஐடியூன்ஸோ ஆப்பிளின் மற்றச் செயலியோ முன்பே நிறுவியிருக்க வேண்டும். இணையம் இல்லாத நேரத்தில் அதை நிறுவ இணையம் வேண்டும் என்பது ஒரு தனி அழகு.

கேபிளில் போன் சூடாவது குறைவு, சார்ஜும் ஏறும். அக்கம்பக்கத்தில் நூறு வைஃபை இருந்தாலும் இடைஞ்சல் இல்லை. நேர்காணல், ஆன்லைன் தேர்வு என்றால் எனக்கு இதுதான் முதல் தேர்வு. ஒரு செலவு மட்டும் உண்டு. விண்டோஸ் இதைக் கம்பி இணைப்பாகப் பார்க்கும். ஹாட்ஸ்பாட் பெயருக்கு நீங்கள் போட்டுவைத்த 'மீட்டர்டு' குறிப்பு இங்கே செல்லாது. இதற்கும் தனியாகப் போடுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடினால், போன் அதையும் உறிஞ்சும்.

புளூடூத் டெதரிங் மெதுவானது. மின்னஞ்சல் பார்க்கலாம், பி.என்.ஆர். நிலை பார்க்கலாம், வீடியோ கூட்டத்துக்கு ஆகாது. போன் பேட்டரி மீது கருணை காட்டும். ரயிலில் நீண்ட பயணத்தில் எழுத்து வேலை மட்டும் என்றால் பரவாயில்லை.

எல்லாக் கருவிகளும் உங்களுடையவே, ஒரே கணக்கில் உள்ளவை என்றால் பாஸ்வேர்டு கேள்வியே எழாது. ஐபோனும் மேக்கும் ஐபேடும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருந்தால் கேட்காமலே இணையும். குடும்பப் பகிர்வில் உள்ளவர்களுக்கும் அனுமதி கொடுக்கலாம். சாம்சங் போன்களிலும் 'ஆட்டோ ஹாட்ஸ்பாட்' என்று இதே வசதி உண்டு. ஒரே கம்பெனிக் கருவிகளையே தொடர்ந்து வாங்கவைப்பதுதான் இதன் விலை.

நான் சொல்லாத வழிகள்

பாஸ்வேர்டையே நீக்கிவிட்டு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து விடலாமே, பல ஆண்ட்ராய்டு போன்களில் 'நன்' அல்லது 'ஓப்பன்' என்று இருக்கிறதே என்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் டேட்டாவில் படம் பார்ப்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இதில் உண்டு. 2008 ஜூலையில் ஆமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீசார் அதன் தடத்தைப் பிடித்துப் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் அடுக்குமாடி வீடு. அவருடைய வைஃபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவர் விசாரணைகளைக் கடந்து விடுபட வேண்டியிருந்தது. சிம் யார் பெயரிலோ, முதல் கேள்வியும் அவரிடம்தான்.

'வைஃபை பாஸ்வேர்டைக் காட்டும்' செயலிகள் ஸ்டோரில் குவிந்து கிடக்கின்றன. ரூட் செய்யாத, அதாவது ஆண்ட்ராய்டின் உள்பூட்டைத் திறந்துவிடாத போனில், சேமித்த பாஸ்வேர்டுகளை வெளிச் செயலி எதுவும் படிக்க ஆண்ட்ராய்டு விடாது. ஆகவே அவற்றால் உங்களுக்குக் கிடைப்பது விளம்பரம். அவற்றுக்குக் கிடைப்பது நீங்கள் கொடுக்கும் அனுமதிகள்.

'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்ற யோசனையும் உலவுகிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். சேமித்த வைஃபை அனைத்தும், புளூடூத் ஜோடிகள் அனைத்தும் போய்விடும். ஐபோனில் போனின் பெயரே 'ஐபோன்' என்று திரும்பிவிடும். அத்தோடு ஹாட்ஸ்பாட்டின் பெயரும் மாறும்.

ஒரே பார்வையில்

| வழி | பழைய கருவிகள் | மறைவான செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|
| போனில் பார்ப்பது | தொடர்ந்து ஓடும் | கியூஆர் படம் பரவினால் பாஸ்வேர்டும் பரவும் | போன் கையில், திறக்க முடிகிறது |
| லேப்டாப், மற்றப் போனிலிருந்து எடுப்பது | தொடர்ந்து ஓடும் | சற்றுத் தேட வேண்டும். கணினிக் கணக்கின் பாஸ்வேர்டும் கேட்கலாம் | திரை உடைந்தது, புதிய போன் வாங்கியது |
| மாற்றுவது | எல்லாம் துண்டிக்கப்படும் | பிரிண்டர், கேமரா, டிவியை மறுபடி இணைப்பது | யாரையாவது வெளியேற்ற வேண்டும் |
| யூஎஸ்பி | பாதிப்பில்லை | அப்டேட்டுகள் டேட்டாவைத் தின்னலாம் | ஒரே லேப்டாப், தேர்வு, நேர்காணல் |
| புளூடூத் | பாதிப்பில்லை | வேகம் குறைவு | எழுத்து வேலை, பேட்டரி குறைவு |
| ஒரே கணக்கு | பாதிப்பில்லை | ஒரே கம்பெனிக்குள் அடங்குவது | எல்லாம் உங்கள் கருவிகளே |

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் இணையவில்லை

சரியான பாஸ்வேர்டைக் கண்டுபிடித்த பிறகும் கருவி இணைய மறுத்தால், மறந்தது வேறு பாஸ்வேர்டோ என்று மறுபடி தேடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி பாஸ்வேர்டு அல்ல.

விலை குறைந்த பிரிண்டர்களும் கேமராக்களும் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புதிய போன்களின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், அவற்றின் பட்டியலில் பெயரே வராது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'பேண்ட்' என்பதை 2.4-க்கு மாற்றுங்கள், சில போன்களில் அதே வேலையை 'கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தான் செய்யும். ஐபோன் 12 முதல் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' உண்டு. அடுத்த சந்தேகம் பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். அதற்கு முந்தைய கருவிகள் பலவற்றுக்கு அது புரியாது. 'பாஸ்வேர்டு தவறு' என்றே சொல்லித் தொலைக்கும். டபிள்யூபிஏ2-ஐயோ, இரண்டும் கலந்த வகையையோ வைத்தால் சரியாகும். ஐபோனிலிருந்து இணைக்கும்போது பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தை மூடாமல் அப்படியே திறந்துவைத்திருங்கள். மூடிவிட்டால் சில நேரம் பெயர் தெரியாமல் போகும்.

அத்தான் கடையின் அந்தப் பழைய போன் சென்ற மாதம் வயிறு உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு ஓய்வெடுத்தது. பேட்டரி. புதியது வாங்கிய அன்று மறுபடியும் அழைத்தார்; இந்த முறை எதையும் தொடாமல் அழைத்தார். கடைக் கம்ப்யூட்டரில் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' திறக்கச் சொல்லி, பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் எழுதவைத்தேன். புதிய போனில் அதையே எழுத்துக்கு எழுத்து தட்டினார். கம்ப்யூட்டர் உடனே வந்தது. பிரிண்டரின் நீல விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. "மறுபடி ஏணியா?" என்றார். 'பேண்ட்' வரியைத் தேடி 2.4 என்று மாற்றச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

"சிமிட்டுவது நின்றுவிட்டது, மாப்பிள்ளை. இரு, ஆதார் ஜெராக்ஸுக்கு ஆள் வந்திருக்கிறது" என்று போனை வைத்துவிட்டார்.